மேளமும் குத்தகையும்

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. விதித்தவர்கள் அந்த வட்டாரத்தில் ஆதிக்கம் செலுத்திய கள்ளர் சமூகத்தார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் எதுவும் ஆகாது. முடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. வெயிலானாலும் மழையானாலும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இதையெல்லாம் பதிவு செய்து வைத்திருக்கிறார்.

அடுத்த ஆண்டு ஜூனில் பட்டியல் பதினொன்றாக நீண்டது. அந்த இரண்டாவது பட்டியலைத்தான் நான் அடிக்கடி திரும்பப் படிப்பேன். பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரர் மாடுகளை மேய்க்க வேண்டும். நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுத்து உழக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் அடிமாட்டு விலைக்கு மிராசுதாரருக்கே விற்றுவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் கிடையாது. காலை ஏழு மணி முதல் மாலை ஆறு வரை வேலை. ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா கூலி. இதே வரிசையில், மூச்சுவிடாமல், கல்யாணத்தில் மேளம் வைக்கக் கூடாது, மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் போகக் கூடாது என்றும் வருகிறது.

ஒரு மிராசுதாரருக்குக் கூலியைப் பற்றிக் கவலை இருப்பது புரிகிறது. தண்ணீரைப் பற்றி இருப்பதும் புரிகிறது. மேளத்தைப் பற்றி என்ன கவலை? இந்தக் கேள்விக்கு அவர் நம் பல்கலைக்கழகத் துறைகளைவிடத் தெளிவான விடை வைத்திருந்தார். தன் கல்யாணத்துக்கு மேளம் வைத்தவன் அடுத்த வாரம் வயலுக்கு வரும்போது நாலணா போதாது என்பான். பண்பாடு ஒரு பக்கம், பொருளாதாரம் ஒரு பக்கம் என்று நாம் பாடத்திட்டத்தில் பிரித்து வைத்திருப்பதை அவர் ஒரே தாளில் எழுதினார்.

இன்னொன்றும் அந்தத் தாளில் இருக்கிறது, எழுதாத எழுத்தாக. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு பட்டியல் எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது. ‘வழக்கம்’ என்ற ஒரு சொல் போதும். யாரும் சட்டை போட நினைக்காத ஊரில் சட்டைக்குத் தடை எதற்கு? இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் பர்மாவிலும் மலேயாவிலும் உழைத்துத் திரும்பியவர்கள், மிஷன் பள்ளியில் நாலு எழுத்து கற்றவர்கள் ஊர்ப்புறங்களில் தலையெடுத்த காலம் அது. பண்பாடு தானாகச் செய்துகொண்டிருந்த வேலையைத் தாளும் தீப்பந்தமும் செய்ய வேண்டி வந்தது. ஆதிக்கத்துக்குப் பண்பாடு என்ன செய்து தருகிறது என்பதை அறிய நல்ல வழி, அது செய்யத் தவறிய இடங்களைப் பார்ப்பதுதான் என்பது என் எண்ணம்.

இந்த விஷயத்தை யோசித்தவர்களில் உலகம் முதலில் சொல்லும் பெயர் அந்தோனியோ கிராம்சி. 1926-ல் முசோலினியின் அரசு கைது செய்த இத்தாலியக் கம்யூனிஸ்ட். சிறையில் நோட்டுப் புத்தகங்களாக எழுதிக் குவித்து, 1937-ல் இறந்தார். ஆளும் கூட்டம் தடியால் மட்டும் ஆள்வதில்லை, ஆளப்படுபவர்களின் இசைவையும் சம்பாதித்துக்கொள்கிறது, அந்த இசைவு பள்ளியிலும் கோயிலிலும் பத்திரிகையிலும் அன்றாடப் பேச்சிலும் விளைகிறது என்பது அவர் வாதம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979-ல் வெளியிட்ட பெரிய நூலில் பிரெஞ்சுக்காரர்களின் ரசனையை ஆராய்ந்தார். எந்த இசை பிடிக்கும், எந்த ஓவியம் அழகு என்று கேட்டு, விடைகளை வர்க்கத்தோடு வைத்துப் பார்த்தார். ரசனை என்பது பிறவிக் கொடை போலத் தோற்றமளிக்கும் பரம்பரைச் சொத்து என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஆனால் இவர்கள் இருவருக்கும் முன்பே, 1916-ல், இருபத்தைந்து வயதில், அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரை நம் நிலத்துக்கு இன்னும் நெருக்கமானது. உச்சியில் இருந்த கூட்டம் தன் கதவை அடைத்துக்கொண்டது; மற்றவர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் அடைத்துக்கொண்டார்கள், அல்லது தங்கள் முகத்தில் கதவு சாத்தப்பட்டதைக் கண்டார்கள் என்று சாதியின் பரவலைப் போலச்செய்தலால் விளக்கினார். பின்னாளில் அவர் விரித்துச் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை இதன் அடுத்த கட்டம். ஏணியில் ஏறக்குறைய எல்லாருக்கும் மிதிக்க ஒரு கீழ்ப்படி கிடைக்கிறது. ஆகவே ஏணியைச் சாய்க்க எல்லோரும் சேர்ந்து கை கொடுப்பதில்லை. பட்டியல் எழுதிய அதே காலத்தில், பக்கத்து மதுரை மாவட்டத்தில், அதே சாதிப்பெயரின் ஒரு கிளையான பிறமலைக் கள்ளர்கள் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கைரேகை வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒடுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று தெரிந்திருப்பதால் மட்டும் ஒருவர் ஒடுக்காமல் இருந்துவிடுவதில்லை.

கிராம்சி சொன்ன இசைவு உண்மையிலேயே இருக்கிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய வழக்கு உண்டு. அதில் ஒரு முக்கியமான சாட்சி தமிழ்நாட்டுக் கிராமம். மைக்கேல் மொஃபாட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் செங்கல்பட்டுப் பக்கத்து எண்டவூரில் தங்கி ஆய்வு செய்து 1979-ல் எழுதிய நூலில், சேரி மக்கள் தங்களுக்குள்ளும் அதே மேல்-கீழ் அடுக்கைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், எனவே அவர்களும் அதே பண்பாட்டில் உடன்பட்டவர்களே என்றார். இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஜேம்ஸ் ஸ்காட். மலேசிய நெல்வயல் கிராமமொன்றில் வாழ்ந்து பார்த்தவர். ஏழைகள் முன்னால் குனிவார்கள், பின்னால் போய்ச் சிரிப்பார்கள். குனிவதை வைத்து நம்புகிறார்கள் என்று முடிவு கட்டாதே என்பது அவர் கட்சி.

இந்த வழக்கில் எனக்கு ஒரு சிறுவயதுச் சாட்சி உண்டு. எங்கள் ஊரில் பண்ணை வேலைக்கு வரும் ஒரு பெரியவர் எங்கள் தெரு முனையில் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார், செருப்பைக் கையில் பிடித்துக்கொள்வார். பத்து வயதுப் பையன்கள் அவரைப் பெயர் சொல்லி ‘வாடா’ என்பார்கள். அவர் அவர்களை ‘சின்னையா’ என்பார். தெருவைக் கடந்து வாய்க்கால் பாலம் ஏறியதும் துண்டு தோளுக்குப் போய்விடும், செருப்பு காலுக்கு. ஒருநாள்கூட ஒரு அடி முன்னே பின்னே ஆகவில்லை. அவர் நம்பினாரா, நடித்தாரா என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. ஆனால் தெருவுக்கு அந்தக் கேள்வி தேவைப்படவே இல்லை. துண்டு இறங்கினால் போதும், மனசு இறங்கியதா என்று யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. மொஃபாட், ஸ்காட் இருவருமே மனசுக்குள் எட்டிப் பார்க்க முயன்றார்கள் என்று தோன்றுகிறது. ஆதிக்கம் அவ்வளவு ஆழம் போவதில்லை, தோளோடு நின்றுவிடுகிறது.

உடையில் இந்தக் கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்குத் திருவிதாங்கூர் சாட்சி. தோள்சீலைக் கலகம் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. கர்னல் மன்றோ காலத்தில் 1813 வாக்கில் கிறிஸ்தவ நாடார் பெண்களுக்குக் கிடைத்த அனுமதியில் தொடங்கி, 1820களில் அடிதடி, 1858-59-ல் தீவைப்பு என்று அரை நூற்றாண்டு நடந்த போராட்டம் அது. நான் சொல்ல வருவது கடைசியில் வந்த பிரகடனத்தைப் பற்றி. சென்னை மாகாண அரசின் நெருக்குதலால் 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜா ஆணையிட்டார்: நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத்துணி சுற்றிக்கொள்ளலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. மறைக்கும் உரிமை கொடுத்தாயிற்று, ஒப்புமை மட்டும் மறுக்கப்பட்டது. மானமோ ஒழுக்கமோ அங்கே ஒருநாளும் பிரச்சினையாக இருந்ததில்லை. தூரத்தில் வருபவர் இன்னார் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நாடார்கள் கிழக்கே இராமநாதபுரம் பக்கம் வேறொரு வழி போனார்கள். வணிகத்தில் காசு சேர்ந்ததும் சத்திரியர் என்று உரிமை கோரினார்கள், பூணூல் போட்டார்கள், பல்லக்கு ஏறினார்கள். 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் போனார்கள். இராமநாதபுரம் அரசர் சேதுபதி வழக்குப் போட, அது இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. நடுவில் 1899-ல் நாடார்களைத் தாக்கிய சிவகாசிக் கொள்ளை. சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1952-ல் ‘சமஸ்கிருதமயமாக்கம்’ என்று பெயரிட்ட போக்குக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அது தோற்றுப்போவதற்கும் கிடைக்காது. மேலே உள்ளவர்களின் அடையாளங்களைத் தானும் தரிப்பதால் அந்த அடையாளங்களின் மதிப்பு கூடுகிறதே தவிர ஏணி அசைவதில்லை. நாடார்களை உண்மையில் தூக்கிவிட்டது பூணூல் அல்ல. மகமைப் பணத்தில் உறவின்முறைகள் கட்டிய பள்ளிக்கூடங்கள். விருதுநகரில் காமராசர் படித்த பள்ளிக்கும் சத்திரிய வித்தியாசாலை என்றுதான் பெயர் என்பது வரலாற்றின் குறும்பு. 1929-ல் செங்கல்பட்டில் சுயமரியாதை மாகாண மாநாடு கூடிச் சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தபோது தலைமை வகித்தவர் அதே நாடார் சமூகத்துப் பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியன். பட்டத்தைத் துறக்கத் தயாராவதற்கு முன் ஒரு சமூகம் பட்டத்தைத் தேடி எத்தனை தூரம் அலைய வேண்டியிருந்தது!

கோயில் மரியாதை தனியாக ஒரு நூல் கேட்கும் விஷயம். மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலை வைத்து எழுதியும் இருக்கிறார். பரிவட்டம், முதல் விபூதி, தேரில் முதல் வடம், எந்த நாள் யார் மண்டகப்படி என்பவை பக்தியின் உருவில் ஊரின் நிலப்பதிவேடு. திருவிழா நோட்டீசில் உபயதாரர் வரிசையைப் படித்தால் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகாமலே பாதி விவரம் தெரிந்துவிடும். சிவகங்கைப் பக்கம் கண்டதேவியில் நான்கு நாட்டாருக்கு உரிய வடத்தைத் தலித்துகளும் பிடிக்க வேண்டும் என்று 1990களின் இறுதியில் கேட்டபோது தேரே நின்றது. சாமி வீதிக்கு வராமல் இருந்தாலும் இருக்கட்டும் என்று முடிவெடுக்க முடிந்தவர்களின் பக்தியைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் முரட்டு வகை. இன்னொரு வகை மென்மையானது, அழகானது, அதனாலேயே பிடிபடாதது. சதிர் பரதநாட்டியமான கதை அதற்கு உதாரணம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதிர் ஆடியவர்கள் தேவதாசி மரபுப் பெண்கள். கற்பித்தவர்கள் அதே சமூகத்து நட்டுவனார்கள். 1927-ல் சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி பொட்டுக்கட்டுதலை ஒழிக்கக் குரல் கொடுத்தார். அவருடைய தாயும் அந்த மரபில் வந்தவர்தான். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்க்கையின் கொடுமையை உள்ளிருந்து கண்டவராக 1936-ல் நாவலே எழுதினார். அவர்கள் சொன்னது பொய்யல்ல. மறுபக்கம், 1928-ல் தொடங்கிய சென்னை சங்கீத வித்வத் சபை அந்தக் கலையைக் காப்பாற்றப் புறப்பட்டது, வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் முன்னின்றார். 1930களின் தொடக்கத்தில் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைபெற்றது. 1935 டிசம்பரில் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடினார், மறு ஆண்டு கலாக்ஷேத்ரா பிறந்தது. 1947-ல் பொட்டுக்கட்டுதல் சட்டப்படி ஒழிந்தது. பத்திருபது ஆண்டுகளில் கலை ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

இதில் வில்லன் யாரும் இல்லை என்பதுதான் சிக்கல். ருக்மிணி தேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் உண்மையான மரியாதையோடு கற்றவர். பிராமணப் பெண் மேடையேறுவது அன்று அவர் தரப்பில் துணிச்சல். ஆனால் ‘தூய்மை’ என்ற சொல் அந்தக் காலத்துப் பேச்சிலும் எழுத்திலும் எத்தனை முறை வருகிறது என்று கவனியுங்கள். சிருங்காரம் குறைந்து பக்தி கூடியது. அப்படிக் கழுவினால் கலையின் உயிரே போய்விடும் என்று கடைசிவரை வாதாடிய பாலசரஸ்வதிக்கு அதே சபை 1973-ல் சங்கீத கலாநிதி அளித்தது. அப்போது அவர் ஒரு மேதை. அவர் வந்த தெரு கலைந்துபோயிருந்தது. அழுக்கு நீங்கியது என்றார்கள், அழுக்கோடு யார் நீங்கினார்கள் என்று கேட்கச் சபை விழாக்களில் நேரமில்லை. இன்று ஒரு சிறுமியின் அரங்கேற்றத்துக்கு ஆகும் பட்டுச்சேலை, நகை, பக்கவாத்தியம், மண்டபம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் 1930-ன் பட்டியல் எதற்கு என்று தோன்றும். தடை எழுத வேண்டியதில்லை, செலவுக் கணக்கு எழுதினால் போதும்.

ரசனை இப்படி வேலை செய்யும்போது சாதி என்ற சொல்லே வாயில் வராது. ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 2002-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஆர்.கே. நாராயணின் தன்வரலாற்றை எடுத்துக்கொண்டு, அதில் சாதி எவ்வளவு அபூர்வமாகப் பெயர் சொல்லி வருகிறது என்று காட்டினார். மேலிருப்பவர்களுக்குச் சாதியைச் சுத்தம், படிப்பு, பழக்கவழக்கம் என்று வேறு சொற்களில் பேச வசதியிருக்கிறது. கீழிருப்பவர்களைத்தான் ஊர் சாதியாகவே பார்க்கிறது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் ‘பிராமணாள்’ பலகையை எதிர்த்துப் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்தார்கள். பலகை இறங்கியது. இன்று அடுக்குமாடி வீட்டு வாடகை விளம்பரங்களில் ‘சைவம் மட்டும்’ என்ற இரண்டு சொற்கள் அதே வேலையைச் சத்தமில்லாமல் பார்க்கின்றன.

கதைகளின் வேலை இன்னும் நுட்பம். பெரியபுராணத்து நந்தனார், ஆதனூர்ப் புலைப்பாடியில் இருந்துகொண்டு கோயில் முழவுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர். தோல் உள்ளே போனது, கொடுத்தவர் வெளியே நின்றார். தில்லையில் தீக்குளித்து, பூணூல் அணிந்த முனிவராக வெளிவந்த பிறகே உள்ளே போக முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி அந்தக் கதையில் பண்ணை வேதியரைக் கொண்டுவந்து வயலைச் சேர்த்தார். கருணை பெருகியது, முடிவில் தீ மட்டும் அணையவில்லை. பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-ல் மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றி வெளியிட்ட நூலைப் படிப்பவர்களுக்கு நந்தனாரின் தொழில் இன்னும் நடப்பது தெரியும். மாட்டுத்தோல் சபா மேடையில் நடுநாயகமாக உட்கார்ந்திருக்கிறது. செய்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அவர்கள் பெயர் அழைப்பிதழில் இருப்பதில்லை.

மதுரைவீரன் கதையில் நடப்பதும் இதன் உறவு. சக்கிலியர் வீட்டில் வளர்ந்து, மேல்சாதிப் பெண்ணை மணந்து, கைகால் வெட்டுண்டு செத்தவனை மக்கள் தெய்வமாக்கினார்கள். பிறகு யாரோ முன்கதை ஒன்றைச் சேர்த்தார்கள்: அவன் பிறப்பால் அரசகுமாரன், காட்டில் விடப்பட்டவன். காத்தவராயனுக்கும் இதேபோல் தெய்வப் பிறப்பு ஒட்டப்பட்டது. 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்து ஓடு ஓடென்று ஓடிய படமும் அரசகுமாரன் கதைதான். கொன்றவர்கள் வீட்டிலும் அவனை வைத்துக் கும்பிட இப்போது தடையில்லை. எதிர்ப்பை நசுக்க முடியாதபோது அதற்குப் பிறப்புச் சான்றிதழை மாற்றி எழுதிக் கொடுக்கும் திறமை பண்பாட்டுக்கு உண்டு.

அதற்குப் பிந்திய சினிமாவில் ஒரு தேதி வரிசை என்னை உறுத்துகிறது. 1990-ல் மண்டல் அறிவிப்பு, 1991-ல் அம்பேத்கர் நூற்றாண்டு, தென்மாவட்டங்களில் தலித் இயக்கங்கள் எழுந்த காலம். 1992-ல் ‘சின்னக் கவுண்டர்’, ‘தேவர் மகன்’, 1993-ல் ‘எஜமான்’, 1994-ல் ‘நாட்டாமை’. ஊர்ப் பெரியவர் நடந்தால் மண் சிலிர்க்கிறது, அவர் தீர்ப்புக்கு ஆலமரம் தலையசைக்கிறது. படமெடுத்தவர்கள் கூடித் திட்டமிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அவற்றில் நல்ல கலையும் உண்டு, ‘தேவர் மகன்’ வன்முறையைக் கைவிடச் சொல்லும் படமும்கூட. ஆனால் வழக்கமாக இருந்தவரை யாரும் பாடாத ஒன்றை, கேள்வி வந்ததும் ஊரே பாடத் தொடங்கியது. ‘தேவர் மகன்’ பார்த்த மனப்பிறழ்விலிருந்து ‘மாமன்னன்’ பிறந்ததாக மாரி செல்வராஜ் 2023-ல் மேடையில் சொன்னபோது எழுந்த சச்சரவும் அந்தப் பாட்டின் தொடர்ச்சிதான்.

பறையைச் சொல்லாமல் விட முடியாது. சாவு வீட்டில் அடிப்பது கடமை என்று திணிக்கப்பட்டதால், இனி அடிக்க மாட்டோம் என்று பறையை உடைத்த ஊர்கள் உண்டு. அதே பறையைக் கௌரவக் கருவியாக எடுத்து மேடையேற்றிய குழுக்களும் உண்டு. இரண்டு தரப்பும் நியாயம்தான். அப்பாவின் தோளில் தழும்பாகக் கிடந்ததை மகன் பதக்கமாக மாட்டிக்கொள்ள முடியுமா என்பதை அந்த வீட்டார்தான் தீர்மானிக்க வேண்டும். வெளியிலிருந்து கைதட்டும் நாம் அவசரப்படக் கூடாது.

ஆதிக்கப் பண்பாடு பழசு, காலம் போகப் போகத் தேய்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்குத் தென்மாவட்டப் பள்ளிகளில் மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகள் பதில். இந்தச் சாதிக்கு இந்த நிறம் என்று எந்தப் புராணமும் சொல்லவில்லை, எந்தத் தாத்தாவும் கட்டியதில்லை. அரசு கொடுத்த ஒரே சீருடைக்குள் எல்லாரும் ஒன்றுபோலத் தெரிந்த பிறகு, தூரத்திலிருந்தே இன்னார் என்று தெரிவதற்காகப் பிள்ளைகளே கண்டுபிடித்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் வீட்டுக்குள் புகுந்து சக மாணவர்கள் வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. 2024 ஜூனில் அது கொடுத்த அறிக்கையிலும் ஒரு பட்டியல் இருக்கிறது: வண்ணக் கயிறு கட்டக் கூடாது, மோதிரம் போடக் கூடாது, நெற்றியில் அடையாளம் இடக் கூடாது, சாதியைக் காட்டும் வண்ணம் பூசிய சைக்கிளில் பள்ளிக்கு வரக் கூடாது.